பதின்மூன்று பேரை எழுப்பியவர்

என் அண்ணனுக்குத் தியேட்டரில் வேலை. படம் ஓட்டுகிறவர் இல்லை, டிக்கெட் கிழிக்கிறவரும் இல்லை. இருட்டில் டார்ச் அடித்து, வருகிற ஜனங்களை அவரவர் சீட்டில் உட்கார வைப்பவர். இருபத்தாறு வருடமாக இதே வேலைதான். எங்கள் தெருவில் அவருக்குப் பெயரே 'டார்ச்'. தபால்காரர்கூட "டார்ச் வீடு எது?" என்றுதான் கேட்பார்.

எந்தப் படத்தைப் பற்றிக் கேட்டாலும் முதல் இருபது நிமிடமும், இடைவேளைக்குப் பிறகு ஒரு பத்து நிமிடமும் அண்ணனுக்கு அத்துப்படி. கொலை செய்தது யார் என்று கேட்டால் மட்டும் தெரியாது. அதற்குள் வெளியே போய் அடுத்த காட்சிக்கு வரிசை கட்ட ஆரம்பித்திருப்பார்.

வேலை ரத்தத்தில் ஊறிவிட்டது. பஸ்ஸில் ஏறினால், தான் உட்காருவதற்கு முன்னால் நாலு பேருக்கு இடம் காட்டிவிடுவார். ஒருமுறை காய்ச்சல் என்று டாக்டரிடம் கூட்டிப்போனேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களை, "நீங்க இவங்களுக்கு அப்புறம்தானே வந்தீங்க, இப்படி வாங்க" என்று ஒழுங்குபடுத்திக்கொண்டே இருந்ததில் அவருடைய முறை தாண்டிப் போய்விட்டது. காய்ச்சல் அவருக்கு, தலைவலி எனக்கு.

நான் அவர் தங்கை. மருந்துக்கடையில் கவுன்டரில் நிற்கிறேன். எனக்கு மூக்கு நுனியில் கோபம், வாயும் கொஞ்சம் நீளம். அண்ணியோ ஆஸ்பத்திரியில் ஷிப்ட் மாற்றி ஷிப்ட் பார்ப்பவள். ஆகவே அலுவலகம், பள்ளிக்கூடம், புகார் என்று எது வந்தாலும் அண்ணனோடு போவது நான்தான். சண்டை என் பொறுப்பு, சமாதானம் அவர் பொறுப்பு.

அந்தச் செவ்வாய்க்கிழமை அண்ணன் மகளுடைய கடைசி வருட மதிப்பெண் பட்டியல் வந்தது, பள்ளியே தேர்வு வைத்துத் திருத்திக் கொடுத்தது. அவளை நாங்கள் 'பொடிசு' என்போம். அப்பாவைவிட அரையடி உயரமாகிவிட்டாள், பெயர் மட்டும் வளரவில்லை. எல்லாப் பாடத்திலும் எண்பதுக்கு மேல். கெமிஸ்ட்ரியில் நாற்பத்தேழு.

அவளுக்கு ஃபார்மசி படிக்க வேண்டும். என் கடையில் வந்து மாத்திரை டப்பாக்களை அடுக்கி அடுக்கிப் பிடித்துக்கொண்ட ஆசை என்று நான் சொல்லிக்கொள்வேன். அவள் மறுத்ததில்லை. அந்தப் படிப்புக்குக் கெமிஸ்ட்ரியில் எண்பது இருந்தால்தான் விண்ணப்பமே போட முடியும். கடைசி நாள் வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி.

"நான் எல்லாத்தையும் எழுதினேன் அத்தை. தொண்ணூறு வரும்னு நெனச்சேன்" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

புதன்கிழமை காலை மூவரும் பள்ளிக்குப் போனோம். தலைமையாசிரியை ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். "மறுகூட்டலுக்கு இத நிரப்பிக் குடுங்க. விடைத்தாளெல்லாம் மூட்டை கட்டி சீல் வச்சாச்சு. பிரிச்சுப் பாத்துச் சொல்ல மூணு வாரம் ஆகும்."

"மூணு வாரத்துல காலேஜே தொறந்துடும் மேடம்!" என்றேன். குரல் எனக்கே கொஞ்சம் பெரிதாகத்தான் கேட்டது.

"விதிய நான் எழுதலம்மா" என்றார் அவர்.

நான் அடுத்த வாக்கியத்துக்கு மூச்சை இழுத்துக்கொண்டிருந்தபோது அண்ணன் மெதுவாகக் கேட்டார். "மேடம், எல்லாரோட மார்க்கும் போட்ட லிஸ்ட் எங்கயாவது ஒட்டியிருக்கா?"

"தாழ்வாரத்துல நோட்டீஸ் போர்டுல இருக்கு. பாருங்க."

அந்தத் தாழ்வாரத்தில் ஒரு பல்பு எரியவில்லை. அண்ணன் பையிலிருந்து டார்ச்சை எடுத்தார். பட்டப்பகலில் நோட்டீஸ் போர்டுக்கு டார்ச் அடிக்கிற மனிதரோடு நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. மார்க் பார்க்க வந்த பிள்ளைகள் நாலு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை. வெளிச்சத்தை வரி வரியாகக் கீழே இறக்கினார். பொடிசு இருபத்துநாலாம் எண். அங்கே நிற்காமல் கீழே போய்க்கொண்டே இருந்தார்.

"என்னண்ணா தேடுற? நம்ம நம்பர் மேல இருக்கு."

"காலி சீட் தேடறேன்."

"என்னது?"

"ஒருத்தர் ஒரு சீட்டு தள்ளி உட்கார்ந்தா, அடுத்து வர்றவருக்கு அவர் சீட்டு இருக்காது. அவரும் ஒண்ணு தள்ளி உட்காருவார். இப்படியே வரிசை பூரா நகரும். எங்க நிக்கும்? யாரும் வராத சீட்டு ஒண்ணு இருக்குமில்ல, அதுல போய் நிக்கும். அதுக்கு அந்தப் பக்கம் எல்லாரும் சரியா இருப்பாங்க." டார்ச் முப்பத்தொன்றில் நின்றது. "பொடிசு, இது யாரு?"

பொடிசு எட்டிப் பார்த்தாள். "அவ நடுவுலயே ஊர் மாறிப் போயிட்டாப்பா. பரீட்சையே எழுதல."

முப்பத்தொன்றாம் எண்ணுக்கு எல்லாப் பாடத்திலும் 'வரவில்லை' என்று இருந்தது. கெமிஸ்ட்ரியில் மட்டும் அறுபத்திரண்டு.

அண்ணன் இப்போது வெளிச்சத்தைக் கீழேயிருந்து மேலே ஏற்றினார். பதினெட்டுக்கு எழுபத்தொன்று. பதினேழுக்கும் எழுபத்தொன்று.

"ரெண்டு பேருக்கு ஒரே டிக்கெட்" என்றார். "இங்கதான் ஆரம்பம். பதினெட்டுலேர்ந்து முப்பது வரைக்கும் எல்லாரும் முன்னால இருக்கிறவங்க மார்க்குல உட்கார்ந்திருக்காங்க. பதிமூணு பேர்." பிறகு மகளைப் பார்த்தார். "உன்னோடது இருபத்தஞ்சுல இருக்கு. தொண்ணூத்தொண்ணு."

பொடிசு துள்ளிக் குதித்திருக்க வேண்டும். அவள் இருபத்தைந்து என்ற எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அது ஒல்லியோட நம்பர்ப்பா" என்றாள்.

அண்ணன் டார்ச்சை அணைத்தார்.

ஒல்லி என்பவன் அவளோடு படிக்கிற பையன். அவன் அம்மா அண்ணனுடைய தியேட்டரிலேயே பாப்கார்ன் விற்கிறாள். எல்லோருக்கும் அவள் பாப்கார்ன் அக்கா. முந்தின நாள்தான், தன் பையன் தொண்ணூற்றொன்று வாங்கிவிட்டான் என்று தியேட்டரில் வேலை செய்யும் அத்தனை பேருக்கும் ஆளுக்கொரு பெரிய பொட்டலம் கொடுத்திருந்தாள். அண்ணனும் ஒன்று வாங்கி வந்தார். நாங்கள் எல்லோரும் தின்றோம்.

தலைமையாசிரியை கிளார்க்கைக் கூப்பிட்டார். அவர் விறைப்பாக வந்தார். "கடைசி வரி வரைக்கும் சரியா முடிஞ்சிருக்கு மேடம். ஒரு மார்க் கூடுதலும் இல்ல, குறைவும் இல்ல. தப்புன்னா கடைசியில இடிக்குமே."

"முப்பத்தொண்ணு எப்ப வந்து கெமிஸ்ட்ரி மட்டும் எழுதிட்டுப் போச்சு சார்?" என்று அண்ணன் கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. நானாக இருந்தால் கிண்டலாகத்தான் கேட்டிருப்பேன்.

கிளார்க் பட்டியலைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அந்த விறைப்பெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. கெமிஸ்ட்ரி சாரை ஆளனுப்பிக் கூட்டி வந்தார்கள். அவர் தன் டைரியிலிருந்து கையெழுத்துத் தாளை எடுத்தார். எழுதியவர்களின் மார்க் மட்டும் வரிசையாக இருந்தது. வராதவளுக்கு அதில் வரியே இல்லை. அவர் ஒவ்வொன்றாக வாசிப்பாராம், கிளார்க் டைப் அடிப்பாராம். வருடா வருடம் அப்படித்தான்.

"பதினேழு அடிச்சு முடிச்சதும் டீ வந்துச்சு" என்றார் கிளார்க் யோசித்துக்கொண்டே.

"ஆமா. குடிச்சிட்டு, எங்க விட்டோம்னு ஞாபகப்படுத்த நான் கடைசி மார்க்கைத் திரும்பச் சொன்னேன்" என்றார் சார்.

"நான் அத அடுத்த ஆளோடதுன்னு அடிச்சிட்டேன்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு தம்ளர் டீ பதின்மூன்று பிள்ளைகளை இடம் மாற்றிவிட்டது. அடக்க முடியாமல் நான் சிரித்தேன். தலைமையாசிரியையும் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் வேறு மனுஷியாகப் பேசினார்.

"இது பள்ளியோட தப்பு. படிவமும் வேண்டாம், மூணு வாரமும் வேண்டாம். ஆனா ஒரு சிக்கல் இருக்கு. ஒரே நம்பருக்கு ரெண்டு பட்டியல் வெளிய இருக்கக் கூடாது. பழசு பதிமூணும் என் மேஜைக்கு வந்தாத்தான் புதுசுல நான் கையெழுத்துப் போட முடியும். நாங்களும் சொல்லி அனுப்பறோம். ஆனா லீவு விட்டாச்சு, யாரு எப்ப வருவாங்களோ. வெள்ளிக்கிழமை பன்னெண்டு மணிக்குள்ள வந்தா அன்னிக்கே குடுத்துடறேன்."

"நான் வாங்கிட்டு வர்றேன் மேடம்" என்றார் அண்ணன்.

"மார்க் குறையறவங்க குடுப்பாங்களா?"

"தப்பான சீட்டுல உட்கார்ந்தவங்கள எழுப்பறதுதான் மேடம் என் வேலை."

மதியத்திலிருந்து என் ஸ்கூட்டரில் கிளம்பினோம். கையில் கிளார்க் எழுதிக் கொடுத்த முகவரிகள். ஆறு பேருக்கு மார்க் ஏறும், ஏழு பேருக்கு இறங்கும். ஏறுகிற வீடுகளில் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்கள். முப்பதாம் எண் பெண்ணுக்கு இரண்டு மார்க் குறைகிறது. அவள், "ரெண்டுதானே, எடுத்துக்கோங்க" என்று தன் கையிலிருந்து எடுத்துக் கொடுப்பதுபோலச் சொன்னாள். பத்தொன்பதாம் எண் பெண்ணின் வீட்டில் அவளுடைய பெரியப்பா வாசற்கதவைப் பாதி மட்டும் திறந்து, "யார்யா நீ? ஸ்கூல்ல வேலை செய்யறியா? எந்த அதிகாரத்துல கேக்கற?" என்று கத்தினார்.

நான் ஸ்கூட்டரை விட்டு இறங்கினேன். அண்ணன் என்னைக் கையால் தடுத்துவிட்டு, லேசாகக் குனிந்து, தியேட்டரில் பேசும் அதே ரகசியக் குரலில், "சார், மன்னிக்கணும். தொந்தரவுதான். உங்க பொண்ணோட மார்க் பக்கத்துல இருக்கு சார். கொஞ்சம் பாத்துட்டீங்கன்னா..." என்றார்.

கிசுகிசுப்பவனோடு எப்படிச் சண்டை போடுவது? பெரியப்பாவும் தன்னையறியாமல் குரலை இறக்கி, "எவ்வளவு குறையும்?" என்று கிசுகிசுத்தார். இரண்டு பேரும் கதவிடுக்கில் ரகசியம் பேசினார்கள். ஐந்து நிமிடத்தில் பட்டியல் கைக்கு வந்தது. இருபத்தாறு வருடத்தில் எத்தனை ஆயிரம் பேரைச் சீட்டிலிருந்து எழுப்பியிருப்பார், ஒருவர்கூட அவரை அடித்ததில்லை. ஏன் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அண்ணனை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது. இதை அவரிடம் இன்றுவரை சொன்னதில்லை.

வியாழக்கிழமை மதியத்துக்குள் பன்னிரண்டும் சேர்ந்துவிட்டன. பொடிசினுடையதையும் சேர்த்துத்தான். பாக்கி ஒன்று. அதை அண்ணன் கடைசி வரை தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்.

பகல் காட்சி இடைவேளை முடிந்து ஜனங்கள் உள்ளே போன பிறகு பாப்கார்ன் அக்காவிடம் போனோம். ஒல்லியும் அங்கே மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தான். அந்த மெஷினின் கண்ணாடியில், வெளியே பார்த்தபடி, அவனுடைய மதிப்பெண் பட்டியல் ஒட்டியிருந்தது. லேமினேட் செய்திருந்தாள்.

அண்ணன் எல்லாவற்றையும் சொன்னார். அவருடைய ரகசியக் குரல் அன்று அவருக்கே கேட்கவில்லை. இரண்டு தடவை தொண்டையைச் செருமினார்.

"அவனுக்கு எவ்வளவு?" என்று கேட்டாள் அக்கா.

"எழுபத்தி நாலுக்கா. அதுவும் நல்ல மார்க்குதான்."

"நல்ல மார்க்குன்னு நீ சொல்லாத தம்பி. உன் பொண்ணுக்குத் தொண்ணூத்தொண்ணு, என் பையனுக்கு எழுபத்தி நாலு நல்ல மார்க்கா? ஊர் பூரா சொல்லிட்டேன். என் தங்கச்சிக்குப் போன் பண்ணிட்டேன். இப்ப மறுபடி போன் பண்ணி என்னன்னு சொல்லட்டும்?"

ஒல்லி துணியைப் பிழிந்துகொண்டே தரையைப் பார்த்தான்.

"போப்பா. எனக்கு வேலை இருக்கு" என்றாள். காலியான தட்டுகளை மறுபடி மறுபடி அடுக்கினாள்.

அன்று மாலை அண்ணன் வீட்டில் சாப்பாடு அப்படியே இருந்தது. "நான் போய்ப் பேசறேன், நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல?" என்று நான் செருப்பைத் தேடினேன்.

"நியாயம் அவங்களுக்கும் தெரியும்" என்றார் அண்ணன். "அவங்க முகத்தத்தான் என்னால பாக்க முடியல."

பொடிசு சொன்னாள்: "விடு அத்தை. வரலன்னா அடுத்த வருஷம் போடறேன்." சாதாரணமாகத்தான் சொன்னாள். ஒரு வருஷம் என்பதை இவள் என்னவென்று நினைத்திருக்கிறாள்? நானும் படிப்பை அப்படி ஒரு வருஷம் தள்ளிப்போடுகிறேன் என்று சொன்னவள்தான். கவுன்டருக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்குத் தலைமையாசிரியையின் மேஜையில் பன்னிரண்டு தாள்கள். புதியவை பதின்மூன்றும் கையெழுத்துக்குக் காத்திருந்தன. சுவர்க் கடிகாரத்தை நான் பார்க்கிற பார்வையில் அது ஓடாமல் நின்றிருக்க வேண்டும். கிளார்க் எங்களுக்கு டீ சொல்லவா என்று கேட்டார். எல்லோரும் ஒரே குரலில் வேண்டாம் என்றோம்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பாப்கார்ன் அக்கா வந்தாள், பின்னாலேயே ஒல்லி. யார் முகத்தையும் பார்க்காமல் லேமினேட் அட்டையை மேஜையில் வைத்தாள்.

"இவன் ராத்திரி எங்கிட்ட சொல்றான் மேடம், கடைசி ரெண்டு கேள்வி எழுதவே இல்லையாம். தொண்ணூத்தொண்ணு எப்படி வந்துச்சுன்னு அன்னிக்கேர்ந்து பயந்துட்டே இருந்தானாம். நான் பாப்கார்ன் குடுத்துட்டு இருந்தேனாம், அதனால சொல்லலையாம்." ஒல்லியின் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். பலமான தட்டு இல்லை.

கிளார்க் 'ரத்து' முத்திரையை எடுத்துக் குத்தினார். பிளாஸ்டிக்கில் மை ஒட்டவில்லை. மறுபடி குத்தினார், வழுக்கிக்கொண்டு போனது. கடைசியில் கத்தரிக்கோலால் ஓரத்தை வெட்டி, தாளை உரித்தெடுக்க வேண்டியதாயிற்று. அக்கா அதைக் கடைசி வரை பார்த்துக்கொண்டே நின்றாள். கிளார்க் தலையை நிமிர்த்தவே இல்லை. "என்னை மன்னிச்சிடுங்கம்மா" என்றார். அவளுக்குக் கேட்டதோ இல்லையோ.

புதிய தாள்கள் கைக்கு வந்தன. பொடிசுக்குத் தொண்ணூற்றொன்று. நாங்கள் வெளியே கிளம்பும்போது அக்கா அண்ணனை மறித்தாள்.

"எழுப்பிட்டல்ல? இப்ப என் பையன் எங்க போய் உட்காருவான்? தொண்ணூத்தொண்ணுன்னு நெனச்சு ஒரே ஒரு காலேஜ்தான் பாத்து வச்சிருந்தேன். அங்க இந்த மார்க்குக்குக் கிடைக்காது. எனக்கு வேற எதுவும் தெரியாது."

அண்ணனுக்கு முகம் செத்துப்போயிற்று. "அத நான் யோசிக்கவே இல்லக்கா" என்றார். பிறகு ஒல்லியின் தோளில் கை போட்டார். "வா, தேடலாம்."

நேரே கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனோம். ஒரு மேஜை, நாலு நாற்காலி, ஐந்து பேர். அண்ணன் எங்கள் எல்லோரையும் உட்கார வைத்துவிட்டு நின்றார். ஒல்லிக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டால் அவன் அம்மாவைப் பார்க்கிறான். "மெஷின் கெட்டா இவன்தான் சரி பண்றான். தியேட்டர் ஏசியையும் போய் நோண்டுவான்" என்றாள் அக்கா அலுத்துக்கொண்டே. பொடிசு திரையில் தேடித் தேடி, குளிர்சாதன டிப்ளமோ ஒன்றைக் கண்டுபிடித்தாள். அறுபது இருந்தால் போதும். ஆனால் அதற்கு நாலு மணிக்கே கெடு. அப்போது மூன்றே கால். எங்களுக்குக் கிடைத்தது ஒரே கம்ப்யூட்டர், மற்றவற்றிலெல்லாம் ஆள் இருந்தது.

"அவனோடத முதல்ல போடலாம்" என்றாள் பொடிசு. நெட் நின்றுபோனால்? கரண்ட் போனால்? வாயைத் திறந்தேன். அண்ணன் என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அது அடிக்கடி நடப்பதில்லை.

ஒல்லியுடையது மூன்று ஐம்பதுக்குப் போனது. பொடிசினுடையது நாலு இருபதுக்கு. கெமிஸ்ட்ரி என்ற கட்டத்துக்கு வந்ததும் அவள் விரல் தயங்கியது. பக்கத்தில் அக்கா உட்கார்ந்திருந்தாள்.

"போடு, போடு" என்றாள் அக்கா. "மூணு நாள் எங்க வீட்ல இருந்துச்சு. நல்லாத்தான் பாத்துக்கிட்டோம்."